வாயைக் கட்டுதல்: ஒரு சிறு புண்ணும் பத்தியத்தின் வரலாறும்

சென்ற ஆண்டு ஆவணியில் என் தாயாரின் முதுகிலிருந்த கொழுப்புக் கட்டி ஒன்றை அகற்ற வேண்டி வந்தது. நெல்லிக்காய் அளவுதான். மருத்துவர் அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கால் மணி நேரத்தில் கட்டியை எடுத்து மூன்று தையல் போட்டார். மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைக்கப்போன அவரிடம் அம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "பத்தியம் என்னங்க டாக்டர்?" அவர் சிரித்தார். "அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா, எல்லாம் சாப்பிடலாம்" என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா நெடுநேரம் பேசவில்லை. வீடு நெருங்கும்போது, "வெட்டத் தெரிஞ்சிருக்கு, ஆத்தத் தெரியலப்பா அவருக்கு" என்றார். அன்று முதல் பத்தியத்தைத் தாமே வகுத்துக்கொண்டார். கத்தரிக்காய், கருவாடு, நண்டு, வேர்க்கடலை ஆகியவை கரப்பான் பண்டங்கள் என்பதால் நீங்கின. முட்டை சூடு, பூசணி நீர் கோக்கும், பருப்பு வாயு, புளி புண்ணைக் கெடுக்கும். எஞ்சியவை மிளகு ரசமும் சோறும் சுட்ட அப்பளமும். எழுபத்துமூன்று வயதில், ஏற்கெனவே மெலிந்த உடம்போடு, பத்து நாள் அவர் அதைத்தான் உண்டார். தமிழ் இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் இருபதாண்டுக் கல்லூரிப் பணியும் உடைய நான் அவரோடு வாதிட்டுத் தோற்றேன். பதினோராம் நாள் தையல் பிரிக்கச் சென்றபோது காயத்தின் விளிம்புகள் சரியாகக் கூடியிருக்கவில்லை.

அந்த நாட்களில்தான், மருத்துவரின் சிரிப்புக்கும் அம்மாவின் பிடிவாதத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் எப்போது உண்டாயிற்று என்று அறிய விரும்பிச் சில நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். தோலில் ஒரு சிறு கீறல். அது ஆறும்வரை எதை உண்பது? இக்கேள்விக்கு இத்தனை நீண்ட வரலாறு இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

*

பத்தியம் என்ற சொல் வடமொழியின் 'பத்ய' என்பதிலிருந்து வந்தது. 'பத' என்றால் வழி. வழிக்கு ஒத்தது, வழியில் செல்லத் தகுந்தது என்பது பொருள். ஆகவே தொடக்கத்தில் அச்சொல் ஏற்கத் தக்கதைக் குறித்தது. விலக்க வேண்டியதற்கு 'அபத்தியம்' என்று வேறு சொல் இருந்தது. தமிழ் வழக்கில் காலப்போக்கில் பத்தியம் என்றாலே விலக்கு என்ற பொருள் மேலோங்கிவிட்டது. 'பத்தியம் இருக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் எதை உண்கிறார் என்று நாம் கேட்பதில்லை. எதை உண்பதில்லை என்றே கேட்கிறோம். இந்தச் சிறு பொருள் திரிபு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

நம் பழைய நூல்களில் புண்ணும் உணவும் சேர்ந்து வரும் இடங்கள் நான் எண்ணியதைவிடக் குறைவு. புறநானூற்றின் 281ஆம் பாடலில் போரில் புண்பட்டவனின் வீடு வருணிக்கப்படுகிறது. மனையில் வேம்பும் இரவமும் செருகப்படுகின்றன; ஐயவி தூவப்படுகிறது; நறும்புகை எழுகிறது; காஞ்சிப்பண் பாடப்படுகிறது. அவன் என்ன உண்டான் என்று அரிசில்கிழார் சொல்லவில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரத்திலோ பத்துக் குறட்பாக்களில் ஆறு உண்ணும் முறையையே பேசுகின்றன. ஆனால் அங்கே வள்ளுவர் பெயர் சொல்லி விலக்கும் காய் எதுவும் இல்லை, மீனும் இல்லை. அளவு, பசி, செரிமானம், உடலோடு மாறுபடாமை ஆகியவையே அவருடைய அக்கறை.

காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ 1068ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 'வீரசோழன்' என்ற ஆதுலசாலையில் பதினைந்து நோயாளிகள் தங்க இடமிருந்ததையும், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோருக்கான ஊதியத்தையும் அது கணக்கிட்டுச் சொல்கிறது. அக்கணக்கில் நோயாளிகளுக்கான அரிசியும் இடம்பெறுகிறது. மருந்தும் சோறும் ஒரே கூரையின்கீழ், ஒரே ஏட்டில் எழுதப்பட்ட காலம் அது.

விரிவான பட்டியல் வேண்டுமென்றால் சுசுருத சம்கிதைக்குத்தான் போக வேண்டும். அதன் சூத்திரத்தானத்துப் பத்தொன்பதாம் அத்தியாயம் முழுவதும் புண்பட்டவனைப் பேணுவது பற்றியது. புது அரிசி, உளுந்து, எள், கொள்ளு, தயிர், பால், உலர்ந்த இறைச்சி, குளிர்ந்த நீர் ஆகியவை அங்கே விலக்கப்படுகின்றன. பழைய அரிசிச் சோறு, நெய், வறண்ட நிலத்து விலங்குகளின் இறைச்சி, பாசிப்பயற்றுச் சாறு, இளமுள்ளங்கி, பாகல், மாதுளை, நெல்லி ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. அந்தப் பரிந்துரைப் பட்டியலில் ஒரு பெயரைக் கண்டு நான் திகைத்தேன்: வார்த்தாகம். அதாவது கத்தரிக்காய். அம்மா முதலில் விலக்கிய காயைச் சுசுருதர் புண்பட்டவனுக்குக் கொடுக்கச் சொல்கிறார். பத்தியம் என்பது தொன்றுதொட்டு மாறாமல் வரும் ஒற்றைச் சட்டம் என்ற என் எண்ணம் அங்கே முதன்முதலாக உடைந்தது.

*

தோலில் இடும் சிறு கீறலுக்கு இந்தியாவில் வகுக்கப்பட்ட மிகக் கண்டிப்பான பத்தியம் எது என்று கேட்டால், பதினெட்டாம் நூற்றாண்டு வங்காளத்தின் அம்மைக்குத்தைச் சொல்ல வேண்டும். பெரியம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த பொருளை நலமாக இருப்பவரின் தோலில் மிகச் சிறிதாகக் கீறி வைப்பது அம்முறை. இலேசான அம்மை வந்து போகும். பிறகு வாழ்நாள் முழுதும் காப்பு. ஜென்னரின் பசு அம்மைக்கு முந்திய முறை இது. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வது இன்றும் நடக்கிறது.

இதைப் பற்றிய புகழ்பெற்ற பதிவு 1767இல் இலண்டனில் வெளியானது. எழுதியவர் ஜான் செஃபானியா ஹோல்வெல். கிழக்கிந்தியக் கம்பெனியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் வங்காளத்தின் தற்காலிக ஆளுநரானவர். 1756ஆம் ஆண்டுக் கல்கத்தா இருட்டறை நிகழ்ச்சியைப் பற்றி அவர் எழுதியதை வரலாற்றாசிரியர்கள் இன்று முழுதாக நம்புவதில்லை. ஆகவே அவர் எழுத்தை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். அக்காலத்தில் இங்கிலாந்தில் பரவிவந்த புதிய அம்மைக்குத்து முறைக்கு வலுச்சேர்ப்பதே தம் நோக்கம் என்று அவரே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். எனினும் அம்மைக்குத்தர்களின் செயலை அவர் விவரிக்கும் நுணுக்கம் நேரில் கண்டவரின் நுணுக்கம்.

ஆண்டுதோறும் பிருந்தாவனம், அலகாபாத், காசி போன்ற இடங்களிலிருந்து மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிராமணர்கள் வங்காளத்துக்கு வருவார்கள். அவர்கள் வரும் பருவம் மக்களுக்குத் தெரியும். குத்திக்கொள்ள முடிவு செய்தவர்களும் செய்யாதவர்களும் முன்கூட்டியே ஒரு மாதம் மீனையும் பாலையும் நெய்யையும் விலக்கிவிடுவார்கள். வந்தவர்கள் வீடுவீடாகச் சென்று வாசலிலேயே தம் பணியைச் செய்வார்கள். பத்தியம் காத்தார்களா என்று துருவி விசாரிப்பார்கள். காக்காதவருக்குக் குத்த மாட்டார்கள். ஆண்களுக்கு மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடையே, பெண்களுக்கு முழங்கைக்கும் தோளுக்கும் இடையே. துணியால் சில நிமிடம் தேய்த்து, கருவியால் இலேசாகத் தொட்டுத் தொட்டு, இரத்தம் அரும்பும் அளவுக்குக் கீறல். முந்திய ஆண்டின் அம்மைப் பொருள் தோய்ந்த பஞ்சைக் கங்கை நீரில் நனைத்து அதன்மேல் வைத்துக் கட்டுவார்கள். ஆறு மணி நேரம் கட்டு இருக்க வேண்டும்.

பிறகு வருவது உணவு. வாழைப்பழம், கரும்பு, தர்ப்பூசணி, சோறு, கசகசாக் கஞ்சி, குளிர்ந்த நீர் ஆகியவற்றை உண்ணலாம். மீன், பால், நெய் ஆகியவை மேலும் ஒரு மாதத்துக்குக் கூடா. காய்ச்சல் வரும்வரை காலையும் மாலையும் தலையில் குளிர்ந்த நீர் ஊற்றப்படும்; காய்ச்சலின்போது நிறுத்தி, முத்துகள் எழும்பியதும் மீண்டும் தொடங்குவார்கள். அறைக்குள் அடைந்து கிடப்பது அறவே கூடாது. காற்று படும்படி வாசலில் பாய் விரித்துக் கிடத்த வேண்டும். நலமானபின் தேவிக்குக் காணிக்கை.

மீனும் பாலும் நெய்யும் ஏன் கூடாது என்பதற்கு அவர்கள் சொன்ன காரணத்தையும் ஹோல்வெல் எழுதுகிறார். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் காற்றில் மிதக்கின்றன. கொள்ளைநோய்களுக்கு அவையே காரணம். பசையும் கொழுப்பும் உடைய பொருள்களில் அவை மிகுதியாக ஒட்டிக்கொள்கின்றன. இதைப் படித்துவிட்டு நம் முன்னோர் கிருமிக் கொள்கையை அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமிதம் கொள்வது எளிது. ஹோல்வெல்லின் காலத்து ஐரோப்பாவிலும் இத்தகைய ஊகங்கள் உலவின; யார் சொன்னதை யார் எந்த மொழியில் கேட்டு எழுதினார் என்பதும் கவனிக்க வேண்டியது. நான் கவனித்தது வேறொன்று. சுசுருதர் குளிர்ந்த நீரை விலக்கினார். வங்காளத்தில் குளிர்ந்த நீரே மருந்து. அங்கே வழிபடப்பட்ட சீதளையின் பெயருக்கே குளிர்ச்சியுடையவள் என்று பொருள். நோயைத் தெய்வத்தின் வெப்பமாகக் கண்டவர்களுக்கு, உண்பதும் குளிப்பதும் காற்றில் கிடப்பதும் அவளைக் குளிர்விக்கும் செயல்கள். பட்டியல் மாறியதற்குக் காரணம் காயைப் பற்றிய அறிவு மாறியதன்று. காயத்தைப் பற்றிய கதை மாறியது.

தென்னிந்தியாவில் இந்த அம்மைக்குத்து பரவலாக இருந்ததற்குச் சான்றுகள் மிகக் குறைவு. ஆனால் அந்தக் குளிர்ச்சியின் தர்க்கம் நமக்கு அந்நியமன்று. அம்மை கண்ட வீட்டில் தாளிப்பு ஓசை கேட்காமல் இருந்ததையும், புலால் நீங்கியதையும், இளநீரும் மோரும் கூழும் பழமும் வந்ததையும், வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீர் தலைக்கு ஊற்றப்பட்டதையும் நம்மில் பலர் சிறுவயதில் கண்டிருக்கிறோம். வீடே பத்தியம் இருக்கும். நோயாளி ஒருவர், வாயைக் கட்டுவது எல்லாரும்.

*

இதே காலத்தில் ஐரோப்பாவும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தது. அங்கே அது மேலும் கொடுமையாக இருந்தது. 1757இல் எட்டு வயதுச் சிறுவனாக இருந்த எட்வர்ட் ஜென்னருக்கு அம்மை குத்துவதற்கு முன் ஆறு வாரம் ஆயத்தம் நடந்தது: இரத்தம் வடித்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், உணவைச் சுருக்கினார்கள். பின்னர் மற்றச் சிறுவர்களோடு ஒரு கொட்டிலில் அடைத்துவைத்தார்கள். அந்த வாரங்களை ஜென்னர் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. 1764இல் பாஸ்டனில் குத்திக்கொண்ட ஜான் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவர், வாந்தி மருந்தும் பால் உணவுமாக ஆயத்தம் செய்துகொண்டார். கல்கத்தாவில் விலக்கப்பட்ட பால், பாஸ்டனில் பத்திய உணவு!

1760களில் இங்கிலாந்தில் சட்டன் குடும்பத்தார் இந்தக் கெடுபிடிகளைத் தளர்த்தினர். ஆழமான வெட்டுக்குப் பதில் நுண்ணிய கீறல். நீண்ட ஆயத்தத்துக்குப் பதில் சில நாள் புலாலும் மதுவும் நீக்கிய எளிய உணவு. மூடிய அறைக்குப் பதில் திறந்த காற்று. தாமஸ் டிம்ஸ்டேல் இதையொட்டிய முறையை 1767இல் நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே உருசியப் பேரரசி இரண்டாம் காதரீனுக்கு அம்மை குத்த அழைக்கப்பட்டார். பேரரசியும் எளிய உணவுப் பத்தியத்துக்கு உட்பட்டார். வங்காளத்துக் குடியானவரும் பீட்டர்ஸ்பர்க் பேரரசியும் ஒரே நூற்றாண்டில் ஒரே அளவுக் கீறலுக்காக வாயைக் கட்டினார்கள் என்று எண்ணும்போது, பத்தியம் கீழ்த்திசை மூடநம்பிக்கை என்ற பேச்சு பொருளற்றுப் போகிறது.

*

1796இல் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு முதல் சோதனை செய்தார். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவின் முதல் வெற்றிகரமான பசு அம்மைக்குத்து நடந்தது. அக்குழந்தையின் கையிலிருந்து அடுத்த குழந்தைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு எனச் சங்கிலியாகத் தொடர்ந்து, அதே ஆண்டிலேயே அது சென்னையை அடைந்தது.

புதிய முறைக்குப் பத்தியம் இல்லை. ஆனால் வேறொரு கடன் இருந்தது. ஏறத்தாழ எட்டாம் நாள் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து, அதன் கொப்புளத்திலிருந்து நீரெடுத்துப் பிற குழந்தைகளுக்கு வைக்க அனுமதிக்க வேண்டும். வாயைக் கட்டும் நோன்பு போய், யாரென்று அறியாதவரோடு உடல்நீரைப் பகிரும் கட்டாயம் வந்தது. சாதி வேரோடிய சமூகத்தில் இது எத்தகைய தயக்கத்தை எழுப்பியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பூசை இல்லை, பத்தியம் இல்லை, தெய்வம் இல்லை. அரசாங்க ஆள் மட்டும் இருந்தான். டேவிட் ஆர்னால்டு போன்ற வரலாற்றாசிரியர்கள், மக்கள் பழைய முறையை விட்டுப் புதியதை ஏற்கத் தயங்கியதற்கு இந்த வெறுமையையும் ஒரு காரணமாகக் காண்கிறார்கள். கல்கத்தாவில் பழைய அம்மைக்குத்தை 1865இல் சட்டம் போட்டே தடுக்க வேண்டியிருந்தது.

இந்தத் தயக்கத்தின் பின்னணியில்தான் சென்னையில் ஒரு விசித்திரமான நிகழ்ச்சி நடந்தது. 1819 ஜனவரி 12 அன்று 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளியானது. பசு அம்மைக்குத்து இந்தியாவுக்குப் புதியதன்று. தன்வந்தரி பெயரால் வழங்கும் வடமொழி நூலிலேயே அது கூறப்பட்டிருக்கிறது என்பது அதன் சாரம். மேற்கோளாகக் காட்டப்பட்ட பகுதி, பசுவின் மடிக் கொப்புளத்து நீரை எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் இடையே கீறி வைக்கும் முறையை ஐயத்துக்கிடமின்றி விவரித்தது. ஐரோப்பிய மருத்துவ நூல்கள் அதை எடுத்தாண்டன. நூறாண்டுக்குப் பின், 1935இல் வில் டியூரண்ட் தம் நாகரிக வரலாற்று நூலிலும் அதை மேற்கோள் காட்டினார். இன்றும் அது உலவுகிறது.

அப்படியொரு பகுதி எந்தப் பழஞ்சுவடியிலும் கிடைக்கவில்லை. மருத்துவ வரலாற்றறிஞர் டொமினிக் வூயாஸ்டிக் இதை ஆராய்ந்து, நன்னோக்கம் கொண்ட மோசடி என்று முடிவு கட்டினார். இதன் தொடர்பில் சுட்டப்படும் பெயர் தமிழ் மாணவர் அனைவருக்கும் தெரிந்தது: பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1816இலேயே திராவிட மொழிகளின் தனிமையை நிறுவியவர். குறளை மொழிபெயர்த்து உரை எழுதியவர். வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசை வெளியிட்டவராகக் கருதப்படுபவர். அம்மைக்குத்தின்மேல் பிராமணர்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காக அவர் வடமொழிச் செய்யுள் இயற்றிப் பழையதென உலவவிட்டார் என்ற குறிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களிலேயே இருக்கிறது. அந்தக் கடிதம் வெளியான இரண்டே மாதத்தில், 1819 மார்ச்சில், அவர் இராமநாதபுரத்தில் இறந்துபோனார்.

எழுதியவர் எவராயினும், அப்பகுதியில் ஒரு சிறு கூறு என்னை நிறுத்தியது. பசு அம்மைக் கொப்புளம் மென்மையானது, அஞ்ச வேண்டாம், மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உணவு நோயாளியின் விருப்பப்படி இருக்கலாம் என்றும் அது சேர்த்துக்கொள்கிறது. ஏன் இந்த வரி? பொய்ச்சான்று புனைபவன் தேவையற்றதை எழுத மாட்டான். இந்த ஊரில் கத்தியைக் கண்டதும் முதலில் எழும் கேள்வி 'பத்தியம் என்ன' என்பதுதான் என்று அவன் அறிந்திருந்தான் என்றே நான் ஊகிக்கிறேன். பத்தியம் இல்லை என்பதைக்கூடத் தன்வந்தரி வாயால் சொன்னால்தான் நம்புவார்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. என் தாயாருடைய மருத்துவர் சிரித்துக்கொண்டு சொன்ன அதே விடை; ஆனால் கேள்வியை மதித்துச் சொல்லப்பட்ட விடை.

*

இனி, உணவுக்கும் புண்ணுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்ற கேள்வி. உண்டு. அதற்கு முதற்சான்று கடலில் கிடைத்தது. 1740 முதல் 1744 வரை உலகைச் சுற்றிய ஆன்சனின் கப்பற்படையில் ஸ்கர்வி நோய் நூற்றுக்கணக்கில் உயிர்களைக் குடித்தது. அப்பயண வரலாற்றில் ஒரு முதிய வீரர் வருகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பாய்ன் போரில் பட்டு ஆறிப்போன அவருடைய காயங்கள், அந்நோய் கண்டதும் புதியவைபோலத் திறந்துகொண்டன. தழும்பு என்பது முடிந்துபோன செயலன்று. உடல் அதை இடைவிடாமல் பேணிக்கொண்டிருக்கிறது.

இருநூறாண்டுக்குப் பின் ஜான் கிராண்டன் என்ற இளம் அமெரிக்க அறுவை மருத்துவர் இதைத் தம் உடலிலேயே சோதித்தார். பழம், காய்கறி, பால் அனைத்தையும் நீக்கி, வைட்டமின் 'சி' இல்லாத உணவை ஆறு மாதம் உண்டார். மூன்றாம் மாதம் அவர் முதுகில் ஒரு வெட்டு போடப்பட்டது. அது இயல்பாக ஆறியது. ஆறாம் மாதம் இன்னொரு வெட்டு. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது மேல்தோல் மூடியிருந்தது. அதன் அடியில் ஒன்றும் கூடவில்லை, உறைந்த இரத்தம்தான் இருந்தது. வைட்டமினைச் செலுத்தத் தொடங்கியபின் அதுவும் ஆறியது. 1940இல் இந்த ஆய்வு வெளியானது. தோலை இணைக்கும் கொல்லாஜன் என்ற புரதநார் உறுதிப்பட அந்த வைட்டமின் வேண்டும். நாரை நெய்யப் புரதம் வேண்டும். இன்றைய மருத்துவம் சிறு தோல் அறுவைக்குப் பின் சொல்வது இவ்வளவுதான்: போதிய புரதம், பழம், காய், நீர். சர்க்கரை நோய் உள்ளவர் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். ஒவ்வாமை உள்ள பொருளை அவரவர் விலக்க வேண்டும். கத்தரிக்காய்க்கு அங்கே தண்டனை இல்லை.

இரண்டு வெட்டுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை நான் மீண்டும் மீண்டும் எண்ணிக்கொண்டேன். நல்ல உடம்புடைய இளைஞர் மூன்று மாதம் தவறாக உண்டபின்னும் காயம் ஆறிவிட்டது. ஆகவே பத்து நாள் ரசமும் சோறும் பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை. பத்தியமும் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால் கையிருப்பு ஏற்கெனவே குறைந்த உடம்பு வேறு. முதியவர்களும், மாதக்கணக்கில் அரைவயிறு உண்பவர்களும் அந்த ஆறாம் மாதத்தில் இருப்பவர்கள். அவர்களுக்குப் பத்தியம் புண்ணைவிடப் பெரிய புண்.

*

பதினோராம் நாள் மருத்துவர் தையலைப் பிரிக்காமல், "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். முதல்நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அம்மா சொன்னார். அவர் முட்டையும் மீனும் எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்த அம்மா அச்சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். அத்தோடு சரி.

அன்றிரவு வாதிடுவதை நிறுத்தினேன். பத்தியம் என்ற சொல்லின் பழைய பொருள் நினைவுக்கு வந்திருந்தது. எதை விலக்க வேண்டும் என்று கேட்காமல், "நான் பிறந்தப்ப பாட்டி உங்களுக்கு என்ன ஆக்கிக் கொடுத்தாங்கம்மா?" என்று கேட்டேன். அம்மாவின் முகம் மாறியது. நாகப்பட்டினத்துக் கடற்கரைக்காரி அவர். பால்சுறாவை வேகவைத்து, தோல் நீக்கி, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்துக் கிண்டிய புட்டு, முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும், பூண்டு நிறைந்த பத்தியக் குழம்பு என்று சொல்லிக்கொண்டே போனார். "அதெல்லாம் பச்ச உடம்புக்குக் குடுக்குறதுப்பா, புண்ணு ஆறும்" என்றார். சொல்லிவிட்டுத் தாமே சற்று மௌனமானார். மறுநாள் காலை சுறா வாங்கிவரச் சொன்னார். நெல்லிக்காயைத் துவையலாக நான் சேர்த்துக்கொண்டேன். அதற்குச் சுசுருதரின் ஒப்புதல் இருந்தது. கத்தரிக்காய்க்கு மட்டும் கடைசிவரை அனுமதி கிடைக்கவில்லை.

மூன்று வாரத்தில் புண் ஆறியது. சுறாப்புட்டால்தான் ஆறியது என்று நான் சொல்ல மாட்டேன். நாட்களும் ஓடியிருந்தன, மருந்தும் மாறியிருந்தது. ஆனால் அம்மாவுக்கு அதில் ஐயமில்லை. மருத்துவரைப் பற்றிய அபிப்பிராயத்தையும் சற்றுத் திருத்திக்கொண்டார்.

கத்தி பிறர் கையில் இருக்கிறது. மருந்தின் பெயர் நமக்குப் புரியாத மொழியில் இருக்கிறது. காயம் முதுகில், நாம் காண முடியாத இடத்தில் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே நோயாளிக்கும் வீட்டாருக்கும் தம் கையால் செய்ய எஞ்சியிருப்பது உணவு ஒன்றே. வங்காளத்து வாசலில் பத்தியத்தைத் துருவி விசாரித்த அம்மைக்குத்தர்கள் இதை அறிந்திருந்தார்கள். சென்னையில் பொய்ச் சுலோகம் புனைந்தவரும் அறிந்திருந்தார். 'எல்லாம் சாப்பிடலாம்' என்ற விடை உண்மையானதுதான். அந்த விடை அம்மாவின் கையிலிருந்த வேலையைப் பறித்துவிட்டு, பதிலுக்கு வேறு வேலை எதையும் கொடுக்கவில்லை. 'இன்னின்னதைச் சாப்பிடுங்கள்' என்று அன்றே இரண்டு வரி சொல்லியிருந்தால், அம்மா அதையே பத்தியமாக ஏற்று, ஒரு நாள் தவறாமல் காத்திருப்பார்.